த்ரீ பேரட்ஸ் டெக்னாலஜிஸ், மெயின் ரோடு, கோவில்பட்டி

போனை எடுத்த அஃப்ஜல் பழக்கதோஷத்தில், "அஃப்ஜல் மொபைல்ஸ், சொல்லுங்க" என்று சொல்லிவிட்டான்.

மறுமுனையில் ஒரு பெண்குரல் தயங்கியது. "சார், இது த்ரீ பேரட்ஸ் டெக்னாலஜிஸ் ஹெச்.ஆர். நம்பர் இல்லையா?"

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் கடை முழுக்கக் கேட்டது. ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த கண்ணபிரான் டம்ளரைப் பக்கத்தில் வைத்தான். ஸ்டூல் அங்கே முடிந்துபோயிருந்தது. டம்ளர் உடைந்த சத்தம் சென்னை வரைக்கும் போயிருக்கும்.

த்ரீ பேரட்ஸ் டெக்னாலஜிஸ் என்று ஒரு கம்பெனி கோவில்பட்டியில் கிடையாது. எஞ்சினியரிங் முடித்து இரண்டு வருஷமாக வேலை தேடிக் களைத்துப்போன கண்ணபிரான், போன மாதம் டீக்கடையில் உட்கார்ந்து யோசித்தபோது மேஜைமேல் கிடந்த தீப்பெட்டியில் மூன்று கிளிகள் இருந்தன. அவ்வளவுதான். எங்கே போனாலும் "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தியவர்களுக்காக, அந்தக் கம்பெனியில் இரண்டு வருஷம் வேலை பார்ப்பதாக பயோடேட்டாவில் ஒரு வரி சேர்த்தான். இலவசமாகக் கிடைத்த ஒரு வெப்சைட் மாதிரியை எடுத்துப் பேரை மட்டும் மாற்றி ஏற்றினான். ஹெச்.ஆர். என்று நண்பன் அஃப்ஜலின் கடை நம்பரைக் கொடுத்தான்.

அந்த ஒரு வரி வேலை செய்தது. சென்னைக் கம்பெனி ஒன்று கூப்பிட்டது. நாலு ரவுண்டு இண்டர்வியூ. அதில் அவன் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. இரண்டு வருஷமும் வீட்டு அறையில் அடைந்து கிடந்து தானாகவே கற்றுக்கொண்டதெல்லாம் கைகொடுத்தது. வேலை கிடைத்துவிட்டது. ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் பார்க்கும் அவன் அப்பா பெரிய சூட்கேஸ் ஒன்று வாங்கி, வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி வீட்டு நடுவில் வைத்திருந்தார். பாக்கி ஒன்றே ஒன்றுதான். பழைய கம்பெனியில் விசாரித்து, "ஆமாம், இவர் இங்கேதான் இருக்கிறார்" என்று உறுதி செய்வது. அதற்கென்றே ஓர் ஏஜென்சி உண்டு. அந்த ஏஜென்சிதான் இப்போது லைனில் இருந்தது.

"ஹெச்.ஆர்.தான் மேடம் பேசுதேன்" என்றான் அஃப்ஜல். "அது வந்து, அஃப்ஜல்ங்கிறது என் பேரு. மொபைல்ஸ்ங்கிறது எங்க டிபார்ட்மெண்ட்."

"ஓ. டோட்டலா எத்தனை பேர் சார் ஒர்க் பண்றாங்க?"

கண்ணபிரான் பேச்சை வளர்க்காதே என்ற அர்த்தத்தில் இரண்டு கைகளையும் விரித்து விரித்து ஆட்டினான். அஃப்ஜல் அதை எண்ணிப் பார்த்தான்.

"நாப்பது பேரு மேடம்."

"ஆனா நீங்க கொடுத்த அட்ரஸுக்கு மேப்ல ஒரு மொபைல் கடைதான் சார் காட்டுது."

"மேப்புல என்ன மேடம் தெரியும்? நேர்ல வந்து பாருங்க, எவ்வளவு பெரிய ஆபீஸுன்னு."

கண்ணபிரான் கண்ணை மூடிக்கொண்டான்.

"அதுவும் நல்லதுதான் சார்" என்றது அந்தக் குரல். "எங்க ஃபீல்டு ஆபீசர் இன்னைக்கு உங்க ஏரியாலதான் இருக்கார். வரச் சொல்றேன்."

போன் கட்டாகிவிட்டது.

"ஏலே, என்ன காரியம் பண்ணிருக்க?"

"நேர்ல வாங்கன்னு சொன்னா நம்பிக்கை வந்துரும், வர மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"வாராங்களே."

"வரட்டும். மாடி இருக்குல்லா."

மாடி என்பது அஃப்ஜல் கடைக்கு மேலே இருந்த நீளமான அறை. அவனுடைய தாய்மாமா ஷம்சுல் ஆலம் பக்கத்திலேயே ரெடிமேடு கடை வைத்திருந்தார். கட்டடமும் அவருடையது. மாடியைத் துணிக் குடோனாக வைத்திருந்தார். சாவியை மட்டும் வாங்கிவரப் போன அஃப்ஜல், எதற்கு என்று அவர் கேட்டபோது, "கண்ணபிரான் சாஃப்ட்வேர் கம்பெனி வைக்கான் மாமா, பாக்கதுக்கு ஆபீசர் வாராரு" என்று சொல்லி வைத்தான்.

சாவி வரவில்லை. மாமாவே வந்தார்.

"மருமவனே, இவ்வளவு பெரிய காரியத்தைச் சொல்லாமச் செய்யுதீங்களே" என்று கண்ணபிரானின் தோளைத் தட்டினார். பின்னாலேயே அவர் கடையில் வேலை பார்க்கும் பெண்கள் நாலு பேர் துடைப்பமும் வாளியுமாக ஏறினார்கள். துணி மூட்டைகள் ஓரமாகப் போயின. மேஜைகள் வந்தன. கண்ணபிரானுக்கு முதல்முறையாக மூச்சு சீராக வந்தது. அஃப்ஜல் கடையில் பழுதாகிக் கிடந்த மானிட்டர்களைத் தூக்கிக்கொண்டு அவன் மாடியேறியபோது, வாசலில் சீரியல் பல்புகள் மினுக்கிக்கொண்டிருந்தன. அதற்குக் கீழே, மாமாவின் கடைத் திறப்பு விழாவுக்கு அடித்த பழைய பேனர் தொங்கியது. 'இன்று முதல் இனிய ஆரம்பம். வருக, வருக.'

"மாமா, இதைக் கழட்டுங்க" என்றான் கண்ணபிரான்.

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"கம்பெனி இன்னைக்குத் தொறக்கலை மாமா. ரெண்டு வருசத்துக்கு மேல நடக்கு."

ஷம்சுல் ஆலம் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "எம் மாடியில ரெண்டு வருசமா கம்பெனி நடக்கு, எனக்கே தெரியலையா?"

உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. மாமா கேட்டுவிட்டு வெகுநேரம் தாடியைத் தடவினார். கோபப்படுவார் என்று கண்ணபிரான் காத்திருந்தான். அவரோ, "அப்ப முதலாளின்னு ஒருத்தர் வேணும்லா?" என்று கேட்டு, ஃபேனுக்கு நேர் கீழே கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பேனர் இறங்கியது. அடுத்தது போர்டு. எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த இசக்கிச்செல்வியிடம் போனில் பேரைச் சொல்லிப் பெரிய எழுத்தில் அடித்து வரச் சொன்னான். அவள் பத்து நிமிஷத்தில் பளபளவென்று லேமினேட் செய்து கொண்டுவந்தாள். 'த்ரீ பைரேட்ஸ் டெக்னாலஜிஸ்' என்று இருந்தது.

"செல்வி, இது கடற்கொள்ளைக்காரன்னு அர்த்தம்."

"நீங்க போன்ல அப்படித்தாண்ணே சொன்னீய. அவசரத்துல ஸ்பெல்லிங் யாரு பாத்தா?"

திரும்ப அடிக்க நேரமில்லை. மாமா கடையின் 'புதிய வரவு' ஸ்டிக்கரை எழுத்துகளின்மேல் குறுக்காக ஒட்டினார்கள். செல்வி படிக்குக் கீழே காவல் நின்றாள். "அந்த ஆபீசரைத் தவிர வேற யாரு வந்தாலும் மேல விடாத" என்று கண்ணபிரான் சொல்லி அனுப்பினான். "கடன் கொடுக்கேன், கார்டு கொடுக்கேன்னு எவனாவது வந்து நின்னுருவான்."

துடைப்பத்தை வைத்துவிட்டு இறங்கப் போன நாலு பெண்களையும் மாமா நிறுத்தினார். "போய் அந்த டப்பாக்களுக்கு முன்னால உக்காருங்க. இன்னைக்கு நீங்க எஞ்சினியர்."

அவர்கள் உட்கார்ந்த அதே நேரத்தில் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

வந்தவருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். தேய்த்த வெள்ளைச் சட்டை, கக்கத்தில் தோல் பை. படியேறிய களைப்பை வெளிக்காட்டாமல் நின்று போர்டை நிதானமாகப் படித்தார்.

"இங்கனதான் த்ரீ பேரட்ஸ் கம்பெனியா?"

நாலு பெண்களும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். "வாங்க சார், என்ன சைஸ் பாக்குதீங்க?" என்றாள் மூத்தவள்.

கண்ணபிரான் அஃப்ஜலைப் பார்த்தான்.

"எந்த சைஸ் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் வேணும்னு கேக்குதாங்க சார்" என்று அஃப்ஜல் முன்னால் வந்தான். "நான் ஹெச்.ஆர். உக்காருங்க. நீங்க வாரதா காலையிலேயே போன் வந்துச்சு."

வந்தவர் முகத்தில் சின்னச் சிரிப்பு. "போன் பண்ணிச் சொல்லிட்டாளா? சொல்லாமப் போய்ப் பாக்கணும்னு நெனச்சேன். முன்கூட்டித் தெரிஞ்சா எல்லாரும் ஒதுங்க வச்சுருவாங்கல்லா."

கண்ணபிரான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். பேச்சு உள்ளூர்ப் பேச்சாக இருந்தது. சென்னைக்காரனை அனுப்பியிருந்தால் எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். இந்த மண்ணில் பிறந்தவரிடம் என்னத்தைச் சொல்வது? அந்த மேடத்தையே அவள் இவள் என்கிறார், பெரிய அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும்.

"நான் கண்ணபிரான் சார்" என்றான். பேரைக் கேட்டதும் அவர் கண்ணில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. கைதேர்ந்த ஆள்.

"முதலாளி யாரு?"

"நாந்தான்" என்றார் ஷம்சுல் ஆலம், ஃபேனுக்குக் கீழிருந்து.

"என்ன மாதிரித் தொழில் பண்ணுதீங்க பாய்?"

"பெரும்பாலும் ரெடிமேடுதான்."

"ரெடிமேடு சாஃப்ட்வேர் சார்" என்றான் கண்ணபிரான் அவசரமாக. "அவங்கவங்க அளவுக்குச் செஞ்சும் கொடுப்போம்."

"ஆல்ட்டரேசனும் உண்டு" என்றார் மாமா.

வந்தவர் தலையாட்டிக்கொண்டே மேஜைகளுக்கு நடுவில் நடந்தார். ஒரு பெண் மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்த கீபோர்டின் வயர் மேஜையிலிருந்து தொங்கித் தரையில் சுருண்டு கிடந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இது எதுலயும் மாட்டலையே தம்பி?"

"வயர்லெஸ் சார்" என்றான் அஃப்ஜல்.

"வயரு இருக்கே?"

"வயர்லெஸ்ஸுல இது பழைய மாடல்."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. அவர் கேட்காததுதான் கண்ணபிரானைக் கலக்கியது. மனசுக்குள் குறித்துக்கொண்டுபோய் மொத்தமாக எழுதிவிடுவார்.

"நாப்பது பேருன்னு சொன்னாங்களே சார், மீதிப் பேரு வெளியூருல கிளையண்ட்டைப் பாக்கப் போயிருக்காங்க" என்று அவனாகவே சொல்லி வைத்தான்.

"நாப்பதா?" வந்தவருக்கு அது புதிதாகத் தோன்றியதுபோல் இருந்தது. "அதுல பொம்பளப் புள்ளைக எத்தனை?"

"பாதிக்கு மேல சார்."

"ராத்திரி வேலை உண்டா?"

"கிடையவே கிடையாது சார். இருட்டுக்கு முன்னால அனுப்பிருவோம்."

"பாத்ரூம் எங்கன இருக்கு?"

இந்தக் கேள்வியை யாரும் எதிர்பார்க்கவில்லை. அறைக் கோடியில் ஒரு கதவு இருந்தது. காலையில் ஒதுங்க வைத்ததையெல்லாம் அதற்குள்தான் திணித்திருந்தார்கள். கண்ணபிரான் குறுக்கே பாய்வதற்குள் அவர் கதவைத் திறந்துவிட்டார். உள்ளேயிருந்து துணி மூட்டை ஒன்று சரிந்து வந்து அவர் மார்பில் மோதியது. அதன் பின்னாலேயே கையில்லாத பிளாஸ்டிக் பொம்மை ஒன்று, மாமா கடை வாசலில் சட்டை போட்டு நிற்பது, அவர் தோளில் சாய்ந்தது.

அவர் பொம்மையை மெதுவாக நிமிர்த்திச் சுவரில் சாத்தினார். மூட்டையைத் தாண்டி உள்ளே போய்க் குழாயைத் திறந்தார். தண்ணீர் வந்தது. கதவை உள்பக்கமாகச் சாத்தினார். திறந்தார். திரும்பச் சாத்தினார்.

"தாழ்ப்பாள் சரியில்ல தம்பி" என்றது உள்ளேயிருந்து குரல்.

"இப்பவே சரி பண்ணிருதோம் சார்."

செல்போன் பிரிக்கும் சின்னத் திருப்புளியோடு அஃப்ஜல் மண்டியிட்டுத் தாழ்ப்பாளை முறுக்கினான். வந்தவர் பக்கத்திலேயே நின்று, அது இழுத்தால் அசையாமல் நிற்கிறதா என்று இரண்டு முறை சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார். பாத்ரூம் தாழ்ப்பாள் வரைக்கும் பார்க்கிற ஏஜென்சி, சம்பளச் சீட்டைக் கேட்காமல் விடுமா?

"இங்க என்னதான் செய்யுதீங்கன்னு எனக்குக் கொஞ்சம் காட்டுங்களேன்" என்றார் அவர்.

அறையில் உயிரோடு இருந்த ஒரே கம்ப்யூட்டர் கண்ணபிரானின் லேப்டாப். திறந்தான். அதில் காட்டுவதற்கு அவனிடம் ஒன்றுதான் இருந்தது. கோவில்பட்டியிலிருந்து சுற்றுப்பக்க ஊர்களுக்குப் போகிற பஸ்கள் இந்த நிமிஷம் எங்கே வருகின்றன என்று போனில் காட்டுவதற்காக அவன் எழுதியது. பஸ்ஸுக்குள் இருப்பவர் யாராவது ஒருவர் போனில் அதைத் திறந்து வைத்திருந்தால் போதும், நிறுத்தத்தில் வெயிலில் நிற்பவருக்கு எத்தனை நேரத்தில் வரும் என்று தெரிந்துவிடும். யாரும் கேட்காமல் எழுதியது; சோதித்துப் பார்க்கத் தெரிந்த கண்டக்டர்கள் சிலர் போனில் மட்டும் போட்டுக் கொடுத்திருந்தான். சொல்ல ஆரம்பித்தபோது குரல் நடுங்கியது. போகப் போக நடுக்கம் நின்றுவிட்டது. எங்கே தவறு வந்தது, சிக்னல் இல்லாத இடத்தில் என்ன செய்தான், எப்படிச் சரிசெய்தான் என்று எதிரில் இருப்பவர் யார் என்பதையே மறந்து சொல்லிக்கொண்டு போனான்.

"எட்டயபுரம் பஸ் இப்ப எங்கன வருது?" என்று கேட்டார் அவர்.

கண்ணபிரான் தட்டிக் காட்டினான். பச்சைப் புள்ளி ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. அவர் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த நேரம் பார்த்துச் செல்வி படியில் தலையை நீட்டி, கண்ணபிரானைச் சைகை காட்டிக் கூப்பிட்டாள். அவன் நழுவிப் போனான்.

"யாரோ ஒருத்தன் ஹெல்மெட்டும் பையுமா வந்து நின்னாண்ணே. கழுத்துல அட்டை மாட்டிருந்தான். ரெண்டு நிமிசம் மேல போய்ப் பேசணும்னு ஒரே பிடிவாதம்."

"விட்டுட்டியா?"

"நானா? இங்கன ஆபீஸும் கிடையாது ஒண்ணும் கிடையாது, மேல துணிக் குடோன்தான், போயிட்டு வாங்கன்னுட்டேன். போட்டோ எடுத்துட்டுப் போயிட்டான்."

"நல்லவேளை" என்றான் கண்ணபிரான். "உள்ள இவரு இருக்கும்போது அவன் வேற வந்திருந்தா அவ்வளவுதான்."

திரும்பி வந்தபோது வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்திருந்தார். முகம் மாறியிருந்தது.

"தம்பி, எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் சங்கதியெல்லாம் விளங்காது. ஆனா நீங்க சொல்லும்போது அதுல ஒரு உண்மை இருக்கு. இதை எதுக்குச் சொல்லுதேன்னா, இப்பல்லாம் பேரு மட்டும் இருக்கும், உள்ள போனா ஒண்ணும் இருக்காது. மெட்ராஸ்ல ஒரு கம்பெனியை நம்பிப் போனோம். போர்டு, ஏ.சி., கோட்டு போட்ட ஆளு எல்லாம் இருந்துச்சு. மறுவாரம் போனா போர்டையே காணோம். அன்னைலேருந்து எதையும் நம்ப மனசு வர மாட்டேங்குது. அதனாலதான் குடைஞ்சு குடைஞ்சு கேட்டேன். தப்பா எடுத்துக்கிடாதீங்க."

கண்ணபிரானுக்கு இத்தனை நேரம் பயம் மட்டும்தான் இருந்தது. இப்போது அதோடு வேறு ஏதோ சேர்ந்துகொண்டது. இந்த மனிதர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய், நாளைக்கு விஷயம் வெளியே வந்தால் அவர் வேலைக்கே ஆபத்து. நடுவீட்டில் நிற்கும் சூட்கேஸ் ஞாபகத்துக்கு வந்தது. இருந்தும் வாய் திறந்துவிட்டது.

"சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இந்தக் கம்பெனி..."

"கம்பெனி டீ, சார். சூடா இருக்கும்போதே குடிங்க" என்று அஃப்ஜல் குறுக்கே புகுந்து டம்ளரை நீட்டினான். நீட்டிய கையின் முழங்கை கண்ணபிரானின் விலாவில் இறங்கியது.

வந்தவர் டீயைக் குடித்தார். கீழே சிந்தாமல் டம்ளரை மேஜையில் வைத்தார். முதலாளிக்கு ஒரு வணக்கம் வைத்தார். நாலு பெண்களையும் பார்த்து, "வாரேன்ம்மா" என்று தனித்தனியாகச் சொன்னார். அவர்கள் எழுந்து, "மறுபடியும் வாங்க சார்" என்றார்கள்.

படி வரைக்கும் கண்ணபிரான் கூடவே போனான். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவரிடம் அவனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எல்லாம் திருப்தியா சார்?"

"பூரணத் திருப்தி தம்பி. வேற யோசனையே இல்ல."

கண்ணபிரான் சுவரில் சாய்ந்தான். காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சு ஒட்டுமொத்தமாக வெளியே வந்தது. அவனுக்குப் பின்னால் அஃப்ஜலும் மாமாவும் ஓசையில்லாமல் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டார்கள்.

இரண்டு படி இறங்கியவர் நின்று திரும்பினார்.

"உங்க வெப்சைட்டுல ஆள் எடுக்குதோம்னு போட்டிருந்ததைப் பாத்துத்தான் எம் மவ சத்யபிரியா எழுதிப் போட்டா, பொம்பளப் புள்ளைய அனுப்பதுக்கு முன்னால ஒரு எட்டு நேர்ல பாத்துருவோம்னு எட்டயபுரத்துலேருந்து வந்தேன், திங்கக்கெழமை முத பஸ்ஸுல அனுப்பி வைக்கேன், வேலை கத்துக் கொடுத்துருங்க."